நீலம் மாறாத குழாய்: பனங்கற்கண்டு மாவுருண்டையில் சர்க்கரையைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ஆர்டரின் பேரில் பலகாரம் செய்து கொடுக்கிறார்கள். சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை எல்லாம் உண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகும். மற்றப் பலகாரங்களைப் பழைய கைப்பக்குவத்திலேயே செய்பவர்கள், மாவுருண்டையில் மட்டும் ஒரு மாற்றம் செய்தார்கள். வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவில் சீனிக்குப் பதிலாகப் பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டு, நெய் விட்டுப் பிடித்தார்கள். டப்பாவின் மேல் 'பனங்கற்கண்டு மாவுருண்டை, சர்க்கரை இல்லாதது' என்று அச்சடித்து ஒட்டினார்கள்.

வழக்கமாக வாங்கும் ஆச்சி ஒருவர் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர். டப்பாவைப் பார்த்துவிட்டு, "சக்கரை உள்ளவுக இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். பலகாரம் செய்யும் அப்பத்தாவுக்குப் பனங்கற்கண்டில் சர்க்கரை இல்லை என்றே நம்பிக்கை. அவருடைய பேத்தி, அந்த வீட்டுப் பெண், எங்கள் கல்லூரியில் இளநிலை வேதியியல் படிக்கிறாள். கேள்விக்குச் சோதனை செய்தே பதில் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. செய்முறை வகுப்பு முடிந்த நேரத்தில், ஒரு மாவுருண்டையைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சர்க்கரையைக் கண்டால் நிறம் மாறும் நீலப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தாள். குழாயில் நீல நிறம் மாறவே இல்லை.

"மிஸ், நீலமாவே இருக்கு. அப்பத்தா சொன்னது சரிதான் போல" என்று குழாயைக் கொண்டுவந்து காட்டினாள்.

குழாயில் அவள் கண்ட நிறத்தில் பிழையே இல்லை. அந்த நீலத்திலிருந்து எடுத்த முடிவு மட்டும்தான் தவறு, அதுவும் ஒரு நீரிழிவுக்காரருக்கு ஆபத்தான தவறு. ஒரு சர்க்கரையை வேதிச் சோதனைகளால் அடையாளம் காண்பது எப்படி, ஒவ்வொரு சோதனையும் எதற்குப் பதில் சொல்கிறது, எதற்குச் சொல்வதில்லை என்பதை முழுவதுமாகப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குக் கிடைத்ததில்லை. அதனால் படிப்படியாக எழுதிவைக்கிறேன்.

நீலத்தை ஏன் நம்பினார்கள்

அப்பத்தாவின் நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அவருடைய கணவருக்கு நீரிழிவு இருந்த காலத்தில் வீட்டிலேயே சிறுநீரைச் சோதிப்பார்கள். குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் 8 சொட்டுச் சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலமாகவே நின்றால் அன்றைக்குச் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதைவிட அதிகம், செங்கல் நிறத்தில் படிந்தால் டாக்டரிடம் போக வேண்டும். விரலைக் குத்திப் பார்க்கும் கருவிகள் வருவதற்கு முன்னால் இப்படிப் பார்த்த வீடுகள் பல. நீலம் என்றால் நல்லது என்பது அந்தத் தலைமுறையின் மனத்தில் ஆழமாகப் பதிந்துபோனது.

சிறுநீரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியானதுதான். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908இல் இந்தக் கரைசலை உருவாக்கினார். நீரிழிவுக்காரரின் சிறுநீரில் இறங்குவது குளுக்கோஸ். 100 மில்லி இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது, மிச்சம் சிறுநீரில் போகும். குளுக்கோஸ் ஓர் ஒடுக்கும் சர்க்கரை, அதாவது காப்பருக்கு எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடியது, அதனால் பெனடிக்ட் கரைசல் அதைக் காட்டிக்கொடுக்கும். சாப்பிட்ட சீனி சீனியாகவே சிறுநீருக்கு வருவதில்லை. ஆகவே அங்கே 'ஒடுக்கும் சர்க்கரை உண்டா?' என்ற கேள்வியும் 'சர்க்கரை உண்டா?' என்ற கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன. பலகாரத்துக்கு வந்தால் அவை வெவ்வேறு கேள்விகள்.

எதைச் சோதிப்பது

மாவுருண்டையை அப்படியே கரைத்துச் சோதித்தால் விடை குழம்பும். பாசிப்பருப்பு மாவில் ஸ்டார்ச் உண்டு, புரதம் உண்டு. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சிறு கார்போஹைட்ரேட்களும் பருப்பு வகைகளில் இயல்பாகவே இருக்கும்; பருப்பு சாப்பிட்டால் வயிறு உப்புவதற்கு அவையே முக்கியக் காரணம். போதாததற்கு நெய் மேலே மிதக்கும். இத்தனையும் கலந்த கரைசலில் எந்த நிறம் வந்தாலும், எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

எனவே மாதிரிகளைப் பிரித்துக்கொண்டோம். அந்த வீட்டில் வாங்கிவைத்திருந்த பனங்கற்கண்டு முதல் மாதிரி. அதில் பெரிய கட்டி ஒன்றை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பாகைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிவிட்டு, உள்ளே இருந்த தெளிந்த படிகத்தைக் கரைத்தோம். அலசுவது முக்கியம். பதநீரைக் காய்ச்சிப் பானையில் ஊற்றிப் பல வாரம் அசையாமல் வைத்தால், நூலிலும் பானையின் ஓரத்திலும் கற்கண்டு வளரும். படிகமாக ஒதுங்குவது பெரும்பாலும் ஒரே பொருள். மற்றவை எல்லாம் சுற்றியிருக்கும் பாகில் தங்கிவிடும். அந்தப் பாகு கட்டியின் மேல் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும், அதில் ஒடுக்கும் சர்க்கரையும் இருக்கும். அலசாமல் சோதித்தால் பெனடிக்ட் குழாய் இலேசாகப் பச்சை காட்டும், அதைக் கற்கண்டின் குணம் என்று எழுதிவிடுவோம்.

இரண்டாவது மாதிரி மாவுருண்டைச் சாறு. நெய்யைப் பெட்ரோலிய ஈதரில் நீக்கிவிட்டு, எஞ்சிய மாவை 80 சதவீத வெதுவெதுப்பான எத்தனாலில் கலக்கி வடிகட்டினோம். அந்தச் செறிவில் ஸ்டார்ச் கரையாது, சர்க்கரைகள் கரையும். எத்தனாலை ஆவியாக்கி, மிச்சத்தை நீரில் எடுத்துக்கொண்டோம். எந்தச் சோதனையிலும் கூடவே இரண்டு குழாய்கள் நின்றன: ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் 1 சதவீதக் குளுக்கோஸ் கரைசல். முதலாவது பொய்யான விடையைப் பிடிக்க, இரண்டாவது கரைசல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அந்தப் பெண் தனியாகச் செய்தபோது இந்த இரண்டும் இல்லை. கெட்டுப்போன பெனடிக்ட் கரைசலாக இருந்திருந்தாலும் அதே நீலம்தான் வந்திருக்கும்.

முதல் கேள்வி: கார்போஹைட்ரேட்தானா

மோலிஷ் சோதனையில் தொடங்கினோம். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1886இல் வெளியிட்ட முறை இது. 2 மில்லி கரைசலில் ஆல்ஃபா நாஃப்தால் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். இரண்டு படலமும் சந்திக்கிற இடத்தில் ஊதா வளையம் தோன்றினால் கார்போஹைட்ரேட் உண்டு. அமிலம் சர்க்கரையிலிருந்து நீரை உரித்து ஃபர்ஃபுரால் வகைச் சேர்மமாக்குகிறது, அது நாஃப்தாலோடு சேர்ந்து நிறம் தருகிறது. அமிலம் சர்க்கரை அலகுகளை இணைக்கும் கிளைக்கோசைடிக் பிணைப்பையும் உடைத்துவிடுவதால் ஒற்றைச் சர்க்கரை, இரட்டைச் சர்க்கரை, ஸ்டார்ச் எதுவாயிருந்தாலும் வளையம் வரும்.

கற்கண்டுக் குழாயில் அடர்த்தியான ஊதா வளையம் உடனே வந்தது. நீர்க்குழாயில் வரவில்லை. இந்த ஒரு வளையத்தோடு 'சர்க்கரை இல்லாதது' என்ற வாசகத்தின் கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். சர்க்கரை சேர்க்காத இனிப்புகளில் போடும் சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் பெனடிக்டில் நீலமாகவே நிற்கும், மோலிஷிலும் இப்படி வளையம் தராது. நீலத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கும்.

அயோடின் சோதனையில் அதிக நேரம் செலவாகவில்லை. கற்கண்டுக் கரைசலில் அயோடினின் மஞ்சள் நிறம் அப்படியே நின்றது, ஸ்டார்ச் இல்லை. மாவுருண்டையை எத்தனால் இல்லாமல் வெறும் வெந்நீரில் கரைத்தது கருநீலமானது, பருப்பு மாவுக்கு அது எதிர்பார்த்ததே. எத்தனாலில் எடுத்த சாறு நிறம் மாறவில்லை, பிரித்தெடுத்தது சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பெனடிக்ட் உண்மையில் என்ன கேட்கிறது

பெனடிக்ட் கரைசல் ஒரு லிட்டரில் 173 கிராம் சோடியம் சிட்ரேட், 100 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட், 17.3 கிராம் படிகக் காப்பர் சல்பேட் இருக்கும். கார்பனேட் காரத்தன்மை தருகிறது. காரத்தில் காப்பர் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடாமல் சிட்ரேட் பிடித்துக்கொள்கிறது. ஒடுக்கும் சர்க்கரை சேர்ந்து சூடானால் நீலக் காப்பர் இரண்டு அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக் காப்பர் ஒன்றாகி, சிவந்த குப்ரஸ் ஆக்சைடாகப் படியும். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருப்பதால், எங்கள் மாணவர்களுக்கு எலக்ட்ரான் பரிமாற்றம் புதிய சங்கதி இல்லை. எலக்ட்ரானைக் கொடுக்க யாரால் முடியும் என்று கேட்டால் மட்டும் தடுமாறுவார்கள்.

குளுக்கோஸ் கரைசலில் பெரும்பாலும் வளைய வடிவில் இருக்கிறது. வளையம் அவ்வப்போது திறந்து மூடும். திறக்கும்போது முதல் கார்பனில் ஆல்டிஹைடு தொகுதி வெளிப்படும், காப்பரை ஒடுக்குவது அதுதான். ஃபிரக்டோஸில் இருப்பது கீட்டோன் தொகுதி, சாதாரணக் கீட்டோன்கள் பெனடிக்டை ஒடுக்காது. ஆனால் காரத்தில் ஃபிரக்டோஸ் ஓர் ஈன்டையால் இடைநிலை வழியாகக் குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் மாறிக்கொள்ளும். இதை லோப்ரி டி புரூயின் – வான் ஏகன்ஸ்டைன் மாற்றம் என்பார்கள். அதனால் ஃபிரக்டோஸும் செங்கல் நிறம் தரும். ஆல்டிஹைடு உள்ள சர்க்கரையான ஆல்டோஸை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டுமானால் புரோமின் நீர்தான் வழி, அது அமில ஊடகத்தில் வேலை செய்வதால் இந்த மாற்றத்துக்கு இடமில்லை.

சீனியின் வேதிப்பெயரான சுக்ரோஸின் சங்கதி வேறு. அதில் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்திருக்கின்றன. குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. வளையத்தைத் திறக்க வேண்டிய அதே இரண்டு முனைகள் அவை. இரட்டைக் கதவை உள்ளேயிருந்து தாழிட்ட மாதிரி, எந்தப் பக்கமும் திறக்க வழியில்லை. மால்டோஸிலும் லாக்டோஸிலும் ஒரு முனை கட்டுப்பட்டாலும் மற்றது திறக்கும், அதனால் அவை இரட்டைச் சர்க்கரையாக இருந்தும் பெனடிக்டில் சிவக்கும்.

கற்கண்டுக் கரைசல் வாட்டர் பாத்தில் 5 நிமிடம் கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தது. மாவுருண்டைச் சாறும் நீலமாகவே இருந்தது, உற்றுப் பார்த்தால் மிக மெல்லிய பச்சைச் சாயல். பக்கத்தில் குளுக்கோஸ் குழாய் செங்கல் நிறத்தில் படிந்திருந்தது. இப்போதுதான் அந்த நீலத்துக்குப் பொருள் வந்தது: கார்போஹைட்ரேட் உண்டு, ஸ்டார்ச் இல்லை, ஒடுக்கும் சர்க்கரை இல்லை.

கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

பார்ஃபோட் சோதனையும் செலிவனாஃப் சோதனையும் மாணவர்களை அதிகம் ஏமாற்றுபவை. எந்த நிறம் வந்தது என்று எழுதுகிறார்கள், எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று எழுதுவதில்லை. இரண்டு சோதனைகளின் உயிரும் நேரத்தில்தான் இருக்கிறது.

டேனிஷ் வேதியியலாளர் பார்ஃபோட் 1873இல் தந்த கரைசலில் காப்பர் அசிட்டேட்டும் நீர்த்த அசிட்டிக் அமிலமும் உண்டு. பெனடிக்ட் காரம், இது அமிலம். அமிலத்தில் ஒடுக்கும் வேகம் குறைவு, அதனால் ஒற்றைச் சர்க்கரைகள் மட்டுமே சில நிமிடங்களுக்குள் சிவப்பைக் காட்டும். ஒடுக்கும் இரட்டைச் சர்க்கரைகளுக்குப் பத்து நிமிடத்தை ஒட்டிய நேரம் ஆகும். கொதிநீரில் இன்னும் நீட்டித்து வைத்தால் சுக்ரோஸ்கூட அமிலத்தில் மெல்ல உடைந்து சிவப்புக் காட்டத் தொடங்கும். கற்கண்டுக் குழாயை 3 நிமிடத்தில் எடுத்துப் பார்த்தோம், எதுவும் படியவில்லை. குளுக்கோஸ் குழாயின் அடியில் சிவப்பு தெரிந்தது. அந்த இடத்திலேயே விடையை எழுதச் சொன்னேன். குழாயை மறுபடியும் சூட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், அடுத்த அரை மணி நேரத்தில் விடை மாறிவிடும்.

செலிவனாஃப் சோதனை 1887இல் வந்தது. ரெசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல். கீட்டோ சர்க்கரைகள் ஆல்டோ சர்க்கரைகளைவிட வேகமாக நீரை இழந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுராலாகி, ரெசார்சினாலோடு செர்ரிச் சிவப்புத் தரும். ஃபிரக்டோஸுக்கு ஓரிரு நிமிடம் போதும். குளுக்கோஸ் நெடுநேரம் கொதித்தால் இலேசான ரோஜா நிறம் காட்டும். கற்கண்டுக் குழாய் நிறம் மாறாமல் தொடங்கி, கொஞ்சம் பொறுத்துச் சிவக்கத் தொடங்கி, பிறகு நன்றாகவே சிவந்தது. ஃபிரக்டோஸ் குழாய் அதற்கு முன்பே சிவந்துவிட்டிருந்தது.

எனக்கு இந்த இடைவெளிதான் இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த பகுதி. கரைசலில் உள்ள அமிலம் முதலில் பிணைப்பை உடைக்க வேண்டும், உடைந்து வந்த ஃபிரக்டோஸ்தான் பிறகு நிறம் தருகிறது. அந்தத் தாமதம், உள்ளே கட்டுண்ட நிலையில் ஒரு கீட்டோஸ் இருக்கிறது என்ற தகவலைத் தருகிறது. வெறுமனே 'சிவப்பு, கீட்டோஸ் உண்டு' என்று எழுதியவருக்கு அது தெரியாமலே போகும்.

பிணைப்பை உடைத்துப் பார்த்தல்

இனி நேரடியாகக் கேட்டுவிடலாம். கற்கண்டுக் கரைசல் 5 மில்லியில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, கொதிநீரில் 10 நிமிடம் வைத்தோம். ஆறவிட்டு, சோடியம் கார்பனேட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நுரை அடங்கி, லிட்மஸ் தாள் நீலமாகும் வரை நடுநிலைப்படுத்தினோம். இந்தப் படியை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் அமிலம் பெனடிக்டின் காரத்தைத் தின்றுவிடும், உள்ளே எவ்வளவு குளுக்கோஸ் இருந்தாலும் நீலமாகவே நிற்கும்.

இன்னொரு குழாயில் அதே கற்கண்டுக் கரைசலை அமிலமே இல்லாமல் அதே 10 நிமிடம் கொதிக்கவிட்டோம். சூட்டினால் மட்டும் உடைந்ததா, அமிலத்தால் உடைந்ததா என்று பிரித்துப் பார்க்க.

அமிலம் விடாத குழாய் பெனடிக்டில் நீலம். அமிலம் விட்ட குழாய் வாட்டர் பாத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஓடிச் செங்கல் சிவப்பில் போய் நின்றது. மாவுருண்டைச் சாறும் அப்படியே. நீலக் குழாயைக் கொண்டுவந்து காட்டிய பெண் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப வயித்துக்குள்ளயும் இதேதானே மிஸ் நடக்கும்?" என்று கேட்டாள்.

இதேதான் நடக்கிறது. அமிலமும் கொதிநீரும் செய்த வேலையைச் சிறுகுடலில் சுக்ரேஸ் என்ற நொதி உடல் சூட்டிலேயே செய்துவிடுகிறது. 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரைச் சேர்த்துக்கொண்டு 180 கிராம் குளுக்கோஸும் 180 கிராம் ஃபிரக்டோஸுமாகப் பிரியும். குளுக்கோஸ் நேராக இரத்தத்துக்குப் போகும். ஆச்சி கேட்ட கேள்விக்கு வேதியியல் பதில் இந்தச் சமன்பாட்டில் இருக்கிறது: சோதனைக் குழாயில் ஒளிந்துகொண்ட சர்க்கரை உடம்பில் ஒளிந்துகொள்ளாது.

சுக்ரோஸ்தானா, வேறொன்றா

ஒடுக்காத சர்க்கரை என்றாலே சுக்ரோஸ் என்று எழுதிவிடக் கூடாது. ட்ரெஹலோஸும் ஒடுக்காது, ஆனால் அது இரண்டு குளுக்கோஸால் ஆனது, உடைத்தாலும் ஃபிரக்டோஸ் வராது, செலிவனாஃபில் செர்ரிச் சிவப்பும் வராது. எங்கள் மாதிரி சிவந்ததால் ட்ரெஹலோஸ் விலகியது. ராஃபினோஸ் ஒடுக்காது, செலிவனாஃபில் சிவக்கவும் செய்யும், ஆனால் அதில் கேலக்டோஸும் உண்டு. நைட்ரிக் அமிலத்தோடு சூடாக்கி ஆறவிட்டால் கேலக்டோஸ் மியூசிக் அமிலமாகி, நீரில் கரையாத மணல்போன்ற படிகமாக அடியில் தங்கும். குளுக்கோஸிலிருந்து வரும் சக்காரிக் அமிலம் கரைந்துவிடும். கற்கண்டில் எந்தப் படிகமும் தங்கவில்லை. பருப்பு கலந்த மாவுருண்டைச் சாற்றை விட்டுவிட்டுக் கற்கண்டைத் தனியாகச் சோதித்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது.

உடைந்து வந்த இரண்டில் ஃபிரக்டோஸைச் செலிவனாஃப் காட்டிவிட்டது. குளுக்கோஸைத் தனியாக எப்படிக் காட்டுவது? பாடப்புத்தகம் ஓசசோனைச் சொல்லும். ஃபீனைல்ஹைட்ரசீனோடு சூடாக்கினால் சர்க்கரைகள் மஞ்சள் படிகங்கள் தரும். எமில் ஃபிஷர் 1884இல் இதைக் கண்டறிந்து, சர்க்கரைகளின் அமைப்பைத் தீர்க்கும் பெரும்பணியில் பயன்படுத்தினார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணோக்கியில் குளுக்கோசசோன் மெல்லிய ஊசிகளாகவும், மால்டோசசோன் சூரியகாந்தி இதழ்களாகவும், லாக்டோசசோன் பஞ்சுருண்டையாகவும் தெரியும். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மேனோஸ் மூன்றும் முதல் இரண்டு கார்பனில் மட்டுமே வேறுபடுபவை, ஓசசோன் உருவாகும்போது அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது, மூன்றும் ஒரே படிகத்தைத் தரும். ஃபீனைல்ஹைட்ரசீன் நச்சுப் பொருளும்கூட, அதனால் ஃபிஷரின் உடல்நலமே கெட்டது. மாணவர்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் நானே ஒருமுறை செய்துகாட்டினேன். உடைத்த கரைசலில் சில நிமிடத்தில் ஊசிகள் வந்தன, உடைக்காததில் அந்த நேரத்தில் எதுவும் வரவில்லை.

குளுக்கோஸைத் தனியாகப் பிடித்துக் கொடுத்தது மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை. அதில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி இருக்கிறது. அது குளுக்கோஸை மட்டும் அறியும், ஃபிரக்டோஸையும் சுக்ரோஸையும் கண்டுகொள்ளாது. உடைக்காத கற்கண்டுக் கரைசலில் தோய்த்த பட்டை நிறம் மாறவில்லை. உடைத்து, நடுநிலைப்படுத்தி, நன்றாக நீர்த்ததில் தோய்த்த பட்டை மாறியது. ஸ்பிரிட் விளக்குக் காலத்துச் சோதனையின் இடத்தைப் பிடித்த பொருளைக் கொண்டே இந்த வழக்கின் கடைசி முடிச்சு அவிழ்ந்ததில் எனக்கு நிறைவு உண்டு.

கரைசல் ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளக்கும் முனைவாக்கமானியும் அதையே சொன்னது. சுக்ரோஸின் தற்சுழற்சி +66.5 பாகை. உடைந்த பிறகு குளுக்கோஸின் +52.7, ஃபிரக்டோஸின் −92 இரண்டும் சம அளவில் சேர்ந்தால் சராசரி −20க்குப் பக்கம் வரும். ஒளி வலப்பக்கம் திரும்பிய கரைசல் உடைந்தபின் இடப்பக்கம் திரும்பியதை அந்தப் பெண்ணே அளந்து பார்த்தாள். கற்கண்டு சுக்ரோஸ்தான் என்று இப்போது எழுதலாம்.

கருப்பட்டியும் தேனும்

செய்தி வீட்டுக்குப் போனதும் அடுத்த யோசனை வந்தது: கற்கண்டு வேண்டாம், ஆடிக் கும்மாயத்துக்குப் போடுகிற கருப்பட்டியையே போடலாமா, இல்லை தேனா? இரண்டையும் சோதித்தோம்.

கருப்பட்டிக் கரைசலின் பழுப்பு நிறமே எல்லா நிறத்தையும் மறைக்கிறது. நன்றாக நீர்த்து, கிளர்வுற்ற கரியில் வடிகட்டிய பிறகே பெனடிக்ட் படிக்க முடிந்தது. அமிலம் விட்டு உடைக்கும் நீராற்பகுப்புக்கு முன்பே பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போனது, பிறகு அடர்ந்த செங்கல் சிவப்பு. காரணம் பதநீரிலேயே இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஈஸ்ட்டும் அதன் இன்வர்டேஸ் நொதியும் சுக்ரோஸை உடைக்காமல் காக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தாலும், இறக்கிய பதநீர் காய்ச்சத் தாமதமானாலும் கொஞ்சம் உடைந்துவிடும். உடைந்த பகுதி படிகமாகாது. கற்கண்டில் அது பாகோடு ஒதுங்கிவிடும், கருப்பட்டியில் எல்லாம் சேர்ந்தே உறைகிறது. அப்படியிருந்தும் கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான்.

தேன் முதல் சோதனையிலேயே செங்கல் சிவப்பு. தேனீயின் நொதிகள் பூந்தேனின் சுக்ரோஸை ஏற்கனவே உடைத்துவிட்டன, அதில் பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். பெனடிக்டை மட்டும் நம்பிய ஒருவர் தேன் முழுக்கச் சர்க்கரை, கற்கண்டில் சர்க்கரையே இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

டப்பாவின் மேல் என்ன எழுதுவது

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஓர் உணவுப் பொருளைச் 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. மாவுருண்டையில் அந்த வீட்டு அளவின்படி மாவுக்குச் சமமாகக் கற்கண்டுப் பொடி சேர்கிறது. சரியான எண் வேண்டுமென்றால் லேன் – எய்னான் முறையில், இன்னொரு காப்பர் கரைசலான ஃபெலிங் கரைசலோடு தரம்பார்த்தால் போதும். நீராற்பகுப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டின் வித்தியாசத்தை 0.95ஆல் பெருக்கினால் சுக்ரோஸின் அளவு. அந்த 0.95, 342ஐ 360ஆல் வகுத்தால் வருவது, உடையும்போது சேரும் நீரின் எடையைக் கழித்துவிடுகிறது. இந்த டப்பாவைப் பொறுத்தவரை அவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை, 0.5 எங்கே, பாதிக்குப் பாதி எங்கே!

அப்பத்தாவுக்கு முதலில் வருத்தம். யாரையும் ஏமாற்றும் நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை, பனையிலிருந்து வருவது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று நம்பியே செய்தார். இரண்டு குழாய்களையும் அருகருகே வைத்து, பேத்தி விளக்கிச் சொன்னாள். "நான் பார்த்தது வேற நீலம், இது வேற நீலமா?" என்று கேட்டார். நீலம் ஒன்றுதான், கேட்ட கேள்விதான் வேறு என்று அவள் சொன்ன பதிலைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை. புது லேபிளில் 'பனங்கற்கண்டு சேர்த்தது' என்று மட்டும் இருக்கிறது. ஆச்சிக்குப் போன் செய்து, இதிலும் சீனிக்குச் சமமாகவே இனிப்பு உண்டு, டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பனையா, கரும்பா

பேத்தி கடைசியாக ஒன்று கேட்டாள். சந்தையில் கரும்புச் சீனியில் செய்த கற்கண்டுக்கு நிறமேற்றிப் பனங்கற்கண்டு என்று விற்கிறார்கள் என்று பேச்சு இருக்கிறதே, நாம் செய்த சோதனைகளில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. மோலிஷிலிருந்து முனைவாக்கமானி வரை இங்கே செய்த எந்தச் சோதனையும் மூலக்கூறைத்தான் பார்க்கிறது. பனையில் விளைந்த சுக்ரோஸும் கரும்பில் விளைந்த சுக்ரோஸும் ஒரே மூலக்கூறு. வேறுபாடு அணுக்களின் எடையில் இருக்கிறது. கரும்பு கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் பாதை சி-4, பனையின் பாதை சி-3. சி-3 தாவரங்களில் கார்பன்-13இன் விகிதம் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த விகிதத்தை VPDB என்ற சர்வதேசத் தர அளவுகோலில் வைத்துப் பார்த்தால் சி-4 சர்க்கரைகள் ஆயிரத்துக்கு −10 முதல் −14 வரை நிற்கும், சி-3 சர்க்கரைகள் −22க்கும் கீழே போகும். தேனில் கரும்புப் பாகு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கவும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஐசோடோப்பு விகித நிறைமாலைமானி வேண்டும், இளநிலை ஆய்வகத்தின் சோதனைக் குழாய்கள் போதாது. அவளுடைய அறிக்கையின் முடிவுப் பகுதியில் 'மாதிரி: சுக்ரோஸ். மூலத் தாவரம்: இச்சோதனைகளால் தீர்மானிக்க இயலாது' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.